கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்த டீச்சருக்கு

இந்தக் கிழமை பதில் எழுதுவது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் ஒரு டீச்சரின் கடிதத்துக்கு. பெயரும் தோட்டமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், விட்டுவிட்டேன். நாலு பக்கக் கடிதம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவரிடம் இருப்பது 2015-இல் வாங்கிய லெப்டொப், நாலு ஜிபி ரேம், பற்றரி செத்துப்போனதால் எப்போதும் வயரில்தான் ஓடுகிறது. அதில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 ஒக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்தன, விண்டோஸ் 11-ஐ இந்த மெஷின் ஏற்காது என்று திரையிலேயே வந்துவிட்டது. தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த சின்னம்மா மகன், கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்பவர், "அக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று ஃபைல்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, ஃபைல்களைத் திரும்ப உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறார். போகும்போது ஒரு கொப்பியில், டெர்மினல் என்ற எழுத்து ஜன்னலில் அடிக்க இருபது கட்டளைகளை எழுதிக் கொடுத்து, "டெர்மினல் தெரியாம லினக்ஸ் வச்சிருந்தா ஒரு பிரயோசனமும் இல்ல, முதல்ல இதெல்லாம் பாடமாக்குங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் அந்தக் கொப்பியைத் திறக்கவே இல்லை. இரண்டு மூன்று மாதம் வினாத்தாள் அடித்தார், புள்ளிகள் போட்டார், பிள்ளைகளின் பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார், ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஏ.எல் படிக்கும் மகன், ஐசிடி பாடத்துக்குப் பைதன் என்ற புரோகிராம் மொழியின் புதிய பதிப்பு வேண்டுமென்று இன்டர்நெட்டில் தேடியதில், பழைய பைதனை முதலில் அகற்றுங்கள் என்று ஒரு பக்கம் சொன்னது. டெர்மினலைத் திறந்து அங்கிருந்த வரியை அப்படியே ஒட்டினார்கள். பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தால் திரையில் ஒன்றும் விழவில்லை, கீபோர்ட் பழுதோ என்று மூன்று தரம் அடித்தார்கள். பிறகு நீளமாக ஏதோ பட்டியல் ஓடியது, ஒய் (Y) என்ற எழுத்தைத் தட்டச் சொன்னது, தட்டினார்கள். அடுத்த தரம் மெஷினைப் போட்டபோது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும்தான்.

சின்னம்மா மகனுக்குக் கோல் எடுத்தால் அவர் சிரித்துவிட்டு, நான்தான் சொன்னேனே, படிச்சிருக்கணும் என்கிறார். டவுனில் ஒரு கடைக்காரர், லினக்ஸைத் தூக்கிவிட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன், லைசென்ஸ் எதுவும் தேவையில்லை என்கிறார். உள்ளே இரண்டு வருட வினாத்தாள்களும் பிள்ளைகளின் புள்ளிகளும் கிடக்கின்றன. டீச்சர் கேட்பது மூன்று கேள்வி. லெப்டொப்பை நான் கெடுத்துவிட்டேனா? என்னைப் போன்றவர் லினக்ஸ் பாவிக்க டெர்மினல் படித்தே ஆக வேண்டுமா? இல்லையென்றால் கடைக்காரரிடம் கொடுத்துவிடட்டுமா?

டீச்சர், முதலில் உங்கள் வினாத்தாள்கள். அவை பத்திரமாக இருக்கின்றன என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. லெப்டொப் கெடவில்லை, டிஸ்க் அழியவில்லை. போனது மேசைத்திரை மட்டும். ஐகன், மெனு, ஜன்னல் எல்லாவற்றையும் காட்டுகிற அந்த முகப்பு. உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் என்ற ஃபோல்டரை, புரோகிராம்களை அகற்றும் அந்தக் கட்டளை தொடுவதே இல்லை. ஆகவே ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதை வாசித்து முடிக்கும் வரை லெப்டொப்பை எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். புதிதாக விண்டோஸ் போடுகிறவர் டிஸ்க்கை முதலில் துடைத்துவிட்டுத்தான் போடுவார். இவ்வளவு நேரம் தப்பியிருக்கிற வினாத்தாள்கள் அங்கேதான் உண்மையில் போகும்.

என்ன நடந்தது

நீங்கள் அகற்றியது மகனின் பாடத்துக்கான பைதனை அல்ல. மின்ட் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் பைதனை. மின்ட்டின் அப்டேட் மெனேஜர், சொஃப்ட்வெயர் மெனேஜர், செட்டிங்ஸ் ஜன்னல்களில் பல, இவையெல்லாம் பைதனில் எழுதப்பட்டவை. அடியில் இருப்பதை உருவினால் மேலே அதை நம்பி நிற்பவையும் சேர்ந்து போகும். நீளமாக ஓடியதே ஒரு பட்டியல், அதுதான் போகப்போகிறவற்றின் பெயர்கள். அந்த இடத்தில் "அகற்றப்படும்" (REMOVED) என்ற சொல்லை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டும், கவனிக்கட்டும் என்று. ஆனால் யாரும் முன்னரே சொல்லித்தராதவருக்கு அந்தப் பட்டியல் வெறும் எழுத்துக் குவியல்தான். அதை வாசிக்காமல் ஒய் தட்டியதை உங்கள் குற்றமாக நான் எடுக்க மாட்டேன்.

இது தெரியாதவருக்கு மட்டும் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற கனடாக்காரர், கம்பியூட்டர்களைப் பற்றியே யூடியூப் நடத்துபவர், அவருடைய சனலுக்கு ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்கள், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் புரோகிராமைப் போடப் பார்த்தார். மௌஸால் கிளிக் செய்யும் கடை ஜன்னலில் போட்டபோது, முடியாது என்று அது மறுத்துவிட்டது. அவர் டெர்மினலுக்குப் போய் அதே வேலையைச் செய்தார். அது எச்சரித்தது, பிறகு "ஆம், நான் சொன்னபடி செய்" என்ற பொருள் வரும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை அடிக்கச் சொன்னது, அவரும் அடித்தார். மேசைத்திரை முழுக்கப் போய்விட்டது. உங்களுக்கு வந்த அதே கறுப்புத் திரை. இதில் நான் பார்ப்பது ஒன்றுதான்: பிழையான வேலையைக் கிளிக் செய்யும் ஜன்னல் தடுத்தது, டெர்மினல் விட்டுக் கொடுத்தது. டெர்மினல் நீங்கள் சொன்னதைச் செய்யும். நீங்கள் நினைத்தது என்னவென்று அதற்குத் தெரியாது.

பாஸ்வேர்ட் விழாதது பழுது அல்ல. எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்று புள்ளிகளையும் காட்டாமல் விடுவது டெர்மினலின் பொதுவான பழக்கம். கீபோர்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது

சின்னம்மா மகன் மின்ட் போடப் பாவித்த பென்டிரைவ் வீட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் யாரிடமாவது ஒரு நல்ல கம்பியூட்டரில் அதைச் செய்து வாங்குங்கள், ஏறத்தாழ மூன்று ஜிபி டவுன்லோட் என்பதால் டொங்கல் டேட்டாவில் வேண்டாம், வைஃபை உள்ள இடத்தில் செய்யச் சொல்லுங்கள். அதைச் செருகி, பென்டிரைவிலிருந்து தொடங்கும்படி மெஷினைப் போட்டால் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும், உங்களுக்குப் பழக்கமான திரை வரும். மேசைத்திரையில் "இன்ஸ்டோல்" என்று ஒரு ஐகன் இருக்கும், அதை இப்போது தொட வேண்டாம்.

ஃபைல்ஸ் ஜன்னலைத் திறந்து இடதுபக்கம் தெரியும் உங்கள் டிஸ்க்கைக் கிளிக் செய்து ஹோம் ஃபோல்டருக்குள் போங்கள். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தால், மௌஸின் வலது பட்டனை அழுத்தி ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) திறக்கும் தெரிவை எடுங்கள், திறக்கும். வினாத்தாள்களையும் புள்ளிகளையும் இன்னொரு பென்டிரைவுக்குக் கொப்பி பண்ணுங்கள். கொப்பி பண்ணியதில் இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். இவ்வளவுக்கும் ஒரு கட்டளை கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அது முடிந்த பிறகு மெனுவில் டைம்ஷிஃப்ட் (Timeshift) என்று தேடுங்கள். மின்ட்டோடு கூடவே வருகிற புரோகிராம் அது. சிஸ்டத்தின் அந்தந்த நாள் நிலையை அப்படியே எடுத்து வைத்து, தேவைப்படும்போது அந்த நாளுக்குத் திருப்பிக்கொண்டு போகும். சின்னம்மா மகன் அதை ஒழுங்குபடுத்தியிருந்தால் திகதிகள் வரிசையாகத் தெரியும், சம்பவத்துக்கு முந்திய திகதியை எடுத்து ரெஸ்டோர் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் பழையபடி ஆகிவிடும். பட்டியல் வெறுமையாக இருந்தால் மின்ட்டைத் திரும்பப் போட வேண்டியதுதான், ஃபைல்கள் பென்டிரைவில் இருப்பதால் அதில் பயமில்லை. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அந்தக் கறுப்புத் திரையிலேயே உள்ளே போய், இன்டர்நெட் இருந்தால், மேசைத்திரையை ஒரே வரியில் திரும்ப இறக்கலாம். சின்னம்மா மகன் பக்கத்தில் இருந்தால் அவர் செய்யட்டும், கோலில் எழுத்து எழுத்தாகச் சொல்லி உங்களைச் செய்ய வைப்பது வேண்டாம். ஒரு இடைவெளி தவறினாலும் வேறு அர்த்தம் வரும்.

டைம்ஷிஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், சாதாரணமாக உங்கள் வினாத்தாள்களை எடுத்து வைக்காது. அதற்கு உங்கள் கையால் பென்டிரைவில் போட்டு வைப்பதுதான் வழி.

அப்போ டெர்மினல் படிக்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வேலைக்கு வேண்டாம். இதை நான் இழுத்துப் பேசப்போவதில்லை, ஏனென்றால் பதிலை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: கொப்பியைத் திறக்காமல் இரண்டு மூன்று மாதம் ஒரு தொல்லையும் இல்லாமல் வேலை செய்தீர்கள். வினாத்தாள் லிப்ரே ஒபிஸில், இன்டர்நெட் ஃபயர்பொக்ஸில், புதிய புரோகிராம் வேண்டுமென்றால் சொஃப்ட்வெயர் மெனேஜரில் பெயரைத் தேடி ஒரு பட்டன், அப்டேட் வந்தால் கீழே கேடயம் மாதிரி ஒரு ஐகன், பிரிண்டர், வைஃபை, டிரைவர் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஜன்னல். தொல்லை வந்தது டெர்மினல் தெரியாததால் அல்ல, டெர்மினலைத் திறந்ததால்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது ஆன்ட்ரொயிட் ஃபோன் என்றால், அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான், 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே கேர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி. (முன்னே சொன்ன லைனஸ் வேறு, இவர் வேறு.) மலையில் கொழுந்து எடுக்கும் அக்காமாரின் கையில் இருக்கும் ஃபோனிலும் அதுதான். அவர்களில் யாரிடமும் டெர்மினல் படித்தீர்களா என்று யாரும் கேட்டதில்லை.

சின்னம்மா மகன் சொன்னது முழுக்கப் பொய்யும் அல்ல. லினக்ஸ் என்பது ஒரே சாமான் இல்லை. ஆர்ச் மாதிரியானவை எழுத்துத் திரையிலேயே நிறுவப்பட்டு, எழுத்துத் திரையிலேயே பராமரிக்கப்படுபவை, அதை விரும்பி எடுப்பவர்களுக்கு அது பிடிக்கும். மின்ட், உபுண்டு, ஸோரின் போன்றவை மௌஸ் பிடிக்கும் ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 2004-இல் உபுண்டு வந்ததே அந்த நோக்கத்தோடுதான். நம் பக்கத்திலேயே, கண்டியில் இருக்கும் ஹந்தானை மலையின் பெயரில், ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்து ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள், சாதாரண ஆளுக்கு வேண்டிய புரோகிராம்களை முன்கூட்டியே உள்ளே போட்டு. கொழும்பில் சேர்வர்களோடு நாள் முழுக்க வேலை செய்பவருக்கு டெர்மினல்தான் லினக்ஸ். வினாத்தாள் அடிப்பவருக்கு அது ஒரு ஐகன், அவ்வளவுதான்.

ஏன் எல்லோரும் கட்டளையையே தருகிறார்கள்

மகன் தேடியபோது பார்த்திருப்பார், எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் "டெர்மினலைத் திறந்து இதை ஒட்டுங்கள்" என்றுதான் வரும். அதைப் பார்த்துத்தான் நீங்களும் இது கட்டாயம் போல என்று நினைத்திருக்கிறீர்கள், நினைப்பது நியாயம்.

நம் தோட்டங்களில் மேட்டு லயத்துக்கு வழி கேட்டால் என்ன சொல்வார்கள்? ரோட்டைச் சொல்ல மாட்டார்கள். கொழுந்து மலைக்குள்ளே குறுக்கால ஏறுங்க, ஓடை வரும், அதைத் தாண்டினால் லயம் என்பார்கள். ரோடு இல்லாமலா? இருக்கிறது, பஸ்ஸே போகிறது. சொல்பவர் தினமும் நடப்பது குறுக்கு வழி, அவருக்கு அதைச் சொல்வது சுலபம். பகலில், வழி தெரிந்த காலுக்கு அது பத்து நிமிடம். மூடுபனியில் முதல் முறை வரும் ஆள் வழுக்கிக் கானுக்குள்தான் விழுவார்.

உதவி சொல்பவருக்கு டெர்மினல் அப்படித்தான். ஒருவர் மின்ட்டில் சினமன் என்ற மேசைத்திரை வைத்திருப்பார், இன்னொருவர் எக்ஸ்எஃப்சிஇ, வேறொருவர் உபுண்டுவில் க்னோம். மெனு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில். மௌஸ் வழியை எழுதினால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகப் படம் போட்டு விளக்க வேண்டும், ஒரு வரிக் கட்டளை என்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி. அதன் விடையையும் அப்படியே கொப்பி பண்ணி அனுப்பச் சொல்லலாம். நானும் என்னிடம் வரும் மெஷின்களில் பாதி வேலையை டெர்மினலில்தான் செய்கிறேன். அது என் வசதி. உதவுபவரின் வசதி எப்படியோ பாவிப்பவரின் கடமையாக மாறிவிட்டது, எனக்குக் கவலை தருவது இதுதான். கட்டளை தெரியாததற்காக நல்ல ஆசிரியர் ஒருவர், இந்த வயசில் எனக்கு மூளை போதாது என்று கடிதத்தில் எழுதுகிற அளவுக்குப் போயிருக்கிறார். டீச்சர், அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் தேவைப்படும் இடங்கள்

இல்லவே இல்லை என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் வரக்கூடியது கரண்ட். அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது, மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனால், பற்றரி இல்லாத லெப்டொப் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்த தரம் அப்டேட் செய்யப் பார்த்தால், பழைய வேலை பாதியில் நிற்கிறது, இந்தக் கட்டளையைக் கொடு என்று ஒரு செய்தி வரலாம். திருத்தும் கட்டளை அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கும், பார்த்து அடித்தால் போதும். அதையும் தவிர்க்க வேண்டுமென்றால் மெஷின் போடும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் ரிகவரி என்று ஒரு தெரிவு உண்டு, உடைந்த பெக்கேஜ்களை (புரோகிராம் தொகுதிகளை) திருத்து என்பதை அம்புக்குறிப் பட்டனால் தெரிந்தெடுத்தால் அதே வேலையை அதுவே செய்யும். இதைவிட நல்லது, மழையும் மின்னலும் உள்ள பின்னேரத்தில் அப்டேட் கொடுக்காமல் இருப்பது. பற்றரி ஒன்று மாற்றினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, சில பழைய லேசர் பிரிண்டர்களும் சில வைஃபை சிப்களும். பெரும்பாலானவை செருகியதும் வேலை செய்யும், மற்றவற்றில் பல டிரைவர் மெனேஜரில் ஒரு கிளிக். மிச்சமுள்ள பிடிவாதக்காரர்களுக்கு டெர்மினல் வேண்டிவரும், ஆனால் அது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை, தெரிந்தவர் ஒருவர் செய்து கொடுக்கலாம். மேசைத்திரையே வராமல் போகும் நிலை மூன்றாவது, அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். யாராவது உங்கள் மெஷினின் விவரம் கேட்டால் அதற்கும் கட்டளை வேண்டாம், சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் ஜன்னலில் எல்லா விவரமும் இருக்கும், கொப்பி பட்டனும் இருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரக்கூடிய இதற்காக இருபது கட்டளைகளைப் பாடமாக்கச் சொல்வது சரியில்லை.

யாராவது ஒரு கட்டளை தந்தால்

கட்டளை அடிக்கத் தெரிய வேண்டாம். ஆனால் ஒன்றை யாராவது தந்தால் அதை அடையாளம் பார்க்கத் தெரிய வேண்டும், காசோலையில் கையெழுத்துப் போடுமுன் தொகையைப் பார்ப்பது போல. லினக்ஸுக்கு வைரஸ் வராது, ஆகவே எதை ஒட்டினாலும் பயமில்லை என்று மகன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், அது பிழை. பாஸ்வேர்டைக் கொடுத்து நீங்களே செய்யச் சொன்னால் அது செய்யும், வைரஸ் எதற்கு?

சூடோ (sudo): வரி இந்தச் சொல்லோடு தொடங்கினால் மெஷினின் முழு அதிகாரத்தையும் கேட்கிறது என்று அர்த்தம். அங்கே நில்லுங்கள்.

ரிமூவ் (remove), பர்ஜ் (purge), ஆர்எம் (rm), டிடி (dd): முதல் மூன்றும் அகற்றும், அழிக்கும். நாலாவது ஒரு முழு டிஸ்க்கையே மேலெழுதக்கூடியது. இவற்றில் ஒன்று இருந்தால் ஏன் என்று தந்தவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

யாருக்காக, எப்போது எழுதியது: பத்து வருடம் பழைய உபுண்டுவுக்கு எழுதிய பதிலும் தேடலில் முதலாவதாக வரும். இப்போது எல்லோரும் கேட்கிற ஏஐ செயலிகளும் அதே பழைய பதில்களை வாசித்துவிட்டுத்தான் சொல்கின்றன, மிக நம்பிக்கையான குரலில்.

வெப்பக்கத்திலிருந்து நேரே டெர்மினலில் ஒட்ட வேண்டாம். கண்ணுக்கு ஒன்றைக் காட்டி, கொப்பி பண்ணினால் வேறொன்றைக் கொடுக்கும்படி பக்கத்தைச் செய்ய முடியும். முதலில் ஒரு வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டிப் பாருங்கள்.

பட்டியல் ஓடி ஒய் கேட்டால், "அகற்றப்படும்" என்பதற்குக் கீழே என்னென்ன பெயர் என்று பாருங்கள். ஒன்றை நிறுவப் போன இடத்தில் இருபது பெயர் அகற்றப்படுகிறது என்றால் என் (N) என்ற எழுத்தைத் தட்டிவிட்டு வெளியே வாருங்கள். கொன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாலும் நின்றுவிடும்.

கடைக்காரர் சொன்னது

திரும்ப விண்டோஸுக்குப் போவது தோல்வி இல்லை, உங்களுக்கு அதுதான் சௌகரியம் என்றால் போகலாம். ஆனால் லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் வேண்டாம். கம்பியூட்டர் புரோகிராம்களும் நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருபவை, அது ஒரு பக்கம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, லைசென்ஸை ஏமாற்ற உள்ளே போடும் அந்தச் சின்னப் புரோகிராம் எங்கிருந்து வந்தது, கூட எதைக் கொண்டுவந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அந்த மெஷினில் உங்கள் பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் இருக்கப்போகிறது, உங்கள் வங்கி பாஸ்வேர்டும் அடிக்கப்படப்போகிறது.

இதில் நீங்கள் பிழையாக நினைத்திருப்பது ஒன்று: விண்டோஸ் என்றால் ஒன்று காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் களவாகப் போட வேண்டும் என்று. உங்கள் லெப்டொப்பில் முன்பு இருந்தது உண்மையான விண்டோஸ் 10 என்றால், அந்த உரிமை மெஷினோடு கட்டப்பட்டு இன்னும் இருக்கிறது. லினக்ஸ் போட்டதால் அது போகாது. அதே பதிப்பை மைக்ரோசொஃப்ட்டின் சொந்த இன்ஸ்டோலரால் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். தொல்லை அப்டேட்தான். வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பு அறிவித்தார்கள், அதற்குப் பதிவு செய்ய வேண்டும். மின்ட் 22 என்றால் 2029 வரை அப்டேட் உண்டு. உங்கள் இடத்தில் நான் என்றால் மின்ட்டில் இருப்பேன், கடைக்காரரிடம் விண்டோஸுக்குக் கொடுக்கும் காசுக்குப் பதிலாக டிஸ்க்கை எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்காக மாற்றுவேன். 2015 மெஷினுக்கு அதைப் போல உயிர் கொடுப்பது வேறில்லை.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்த வினாத்தாள்கள் என்னாகும் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அந்த ஃபொன்ட் ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டோல் கொடுத்தால் லிப்ரே ஒபிஸில் அப்படியே வாசிக்கலாம், அதே கைப்பழக்கத்தில் அடிக்கவும் செய்யலாம். புதியவற்றை யூனிகோடில் (எந்த மெஷினிலும் வாசிக்கக்கூடிய எழுத்து முறையில்) அடித்தால் வட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம், நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையே லினக்ஸில் இருக்கிறது, ஐபஸ் (IBus) என்ற விசைப்பலகைப் புரோகிராமோடு எம்17என் (m17n) என்ற தொகுதியைச் சேர்த்தால் பட்டியலில் வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள், வேர்டில் செய்த வினாத்தாளின் பக்க அமைப்பு லிப்ரே ஒபிஸில் கொஞ்சம் நகரலாம், ஃபோட்டோ கொப்பிக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள்.

மகனைப் பற்றி. அவரைத் திட்ட வேண்டாம், டீச்சர். ஐசிடி படிக்கும் பிள்ளை டெர்மினல் பழகத்தான் வேண்டும், அவருக்கு அது தேவை, ஆசையும் இருக்கிறது. ஆனால் உங்கள் வினாத்தாள் இருக்கும் கணக்கில் அல்ல. யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் என்ற ஜன்னலில் அவருக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, வகையை ஸ்டாண்டர்ட் என்று வையுங்கள். அந்தக் கணக்கில் சூடோ வேலை செய்யாது, எதை அடித்தாலும் அவருடைய சொந்த ஃபோல்டருக்குள்தான் சேதம். பாடத்துக்கு மின்ட்டில் ஏற்கெனவே உள்ள பைதனே போதும், புதிது வேண்டியதில்லை. சொஃப்ட்வெயர் மெனேஜரில் தொன்னி (Thonny) என்று தேடினால் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே செய்த ஒரு எளிய புரோகிராம் கிடைக்கும். வெறும் பட்டன்.

சின்னம்மா மகனிடமும் ஒன்று சொல்லுங்கள், கோபமாக அல்ல. பழைய மெஷினைத் தூக்கி எறியாமல் அதற்கு இன்னும் சில வருடம் வாங்கிக் கொடுத்தது அவர்தான். "தம்பி, கட்டளை வேண்டாம், அடுத்த தரம் வரும்போது டைம்ஷிஃப்டைக் கிழமைக்கு ஒருமுறை தானாக ஓடுகிற மாதிரி வைத்துக் கொடு" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. அதை அவர் அன்றைக்கே செய்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

பென்டிரைவில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஹோம் ஃபோல்டர் திறக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். திறக்காமல் பாஸ்வேர்ட் கேட்டால் சின்னம்மா மகன் மின்ட் போடும்போது என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பாஸ்வேர்டால் பூட்டுவது) தெரிவை எடுத்திருக்கிறார், அவர் அப்போது வைத்த பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள், அதுவரை வேறெதையும் தொட வேண்டாம்.